விலகும் காலம் அறிதல்

பணியொன்றில் அமர்வது எவ்வாறு என்பதைக் கற்பிக்கப் பலர் உளர். விண்ணப்பம் எழுதும் முறை, நேர்முகத் தேர்வில் விடையளிக்கும் முறை, மேலோரிடம் பேசும் முறை ஆகிய அனைத்தும் பள்ளியிலும் வீட்டிலும் சொல்லித் தரப்படுகின்றன. ஆனால், அமர்ந்த பணியிலிருந்து எப்பொழுது விலகுவது, எவ்வாறு விலகுவது என்னும் வினாக்களுக்கு விடை சொல்வார் அரியர். விலகுதல் என்றாலே அது தோல்வி என்றும், பொறுமையின்மை என்றும், குடும்பப் பொறுப்பை மறந்த செயல் என்றும் கருதப்படுகிறது. மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிக்கின்றான். அவ்விடத்தை விட்டு நீங்கும் முடிவு, அதனுள் புகும் முடிவினும் சிறியதன்று. அவ்வாறிருக்க, அதனை அறத்தின் துணைகொண்டு ஆராயாமல் அச்சத்தின் கையிலோ சினத்தின் கையிலோ ஒப்படைத்துவிடுவது முறையாகுமா?

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா தனிப்பொருள் உடையது. ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவிற்கு வந்த முன்னோர்க்கு, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அம்முறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணிமார் வழியாக வந்தோர்க்கு அச்சட்ட விலங்கு இல்லாவிடினும், வேறொரு விலங்கு இருந்தது. தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்தில் வீடு. வேலை போனால் அடுப்பெரியும் இடமும் போய்விடும்; பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், கும்பிடும் கோயிலும், உறவாடும் அண்டை அயலும் ஒருசேர அகன்றுவிடும். அத்தகைய வாழ்வில், மேற்பார்வையாளரின் சுடுசொல்லைப் பொறுத்துக்கொள்வது கோழைத்தனமன்று. அது பிழைக்கும் வழி. ஆனால், பிழைக்கும் வழியாகத் தோன்றிய ஒரு பழக்கம், காலம் மாறிய பின்னும் அறநெறிபோல் மதிக்கப்படுமானால், அதனை எடுத்து ஆராய வேண்டியது கடமையாகிறது. தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கடைகளிலும் நிறுவனங்களிலும் விற்பனையாளர்களாகப் பணிபுரிகின்றனர். விலகும் உரிமையைச் சட்டம் அவர்கட்கு வழங்கியிருக்கிறது. அவ்வுரிமையை மனம் இன்னும் முழுமையாகப் பெற்றுக்கொள்ளவில்லை.

விற்பனைப் பணியை ஏன் தனியே எடுத்துப் பேச வேண்டும்? பிற பணிகளில் இத்துணை அழுத்தமாகக் காணப்படாத மூன்று இயல்புகள் அதற்கு உண்டு. முதலாவதாக, ஊதியத்தின் ஒரு பகுதியேனும் விற்ற அளவைப் பொறுத்த கமிஷனாக அமைகிறது. ஆகவே, மாத இறுதியில் வீட்டிற்கு எவ்வளவு வரும் என்பது மாதத் தொடக்கத்தில் தெரியாது. இரண்டாவதாக, ஒரே நாளில் பன்முறை ‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கேட்டும் முகம் வாடாமல் அடுத்த வாசலை நாட வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, பொருளின் தரம், விலை, இருப்பு, பழுது நீக்கும் ஏற்பாடு ஆகிய எவையும் விற்பனையாளன் கையில் இல்லை. ஆயினும், அவற்றின் குறைகளுக்கெல்லாம் வாடிக்கையாளர் முன் நின்று விடை சொல்ல வேண்டியவன் அவனே.

இதனால் விற்பனை இழிதொழில் ஆகிவிடாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வாங்குவோனுக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து, அதற்குத் தக்க பொருளை, அதற்குத் தக்க விலையில் எடுத்துக் கொடுப்பவன் சமுதாயத்திற்குத் தொண்டு செய்கிறான். தொழிலின் பெருமை இதுவாகையால், அத்தொழிலைக் கெடுக்கும் நிருவாகத்தின் கீழ் நீடிப்பதா, நீங்குவதா என்னும் வினாவும் பெருமதிப்புடையதாகிறது.

எடுத்துக்காட்டாக, கிள்ளான் நகரில் வீட்டு மின்பொருள்களை விற்கும் நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டுகளாகப் பணிபுரியும் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவனுடைய மாத இலக்கு காரணம் கூறப்படாமலே உயர்த்தப்படுகிறது. அவன் முயன்று பெற்ற வாடிக்கையாளர்கள் மேலாளருக்கு வேண்டிய இன்னொருவரிடம் மாற்றப்படுகின்றனர். வர வேண்டிய கமிஷன் ஒவ்வொரு மாதமும் ஏதேனும் ஒரு காரணங்காட்டிப் பிடித்து வைக்கப்படுகிறது. காலைக் கூட்டத்தில், இலக்கை எட்டாதவர்களின் பெயர்கள் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுகின்றன. வீட்டிற்கு வந்தால், “கொஞ்சம் பொறுத்துப் போ, ஐயா. வேலை கிடைப்பதென்ன எளிதா?” என்கிறார் தாயார். “நாளைக்கே கடிதத்தை வீசிவிட்டு வா” என்கிறான் தோழன். இவ்விருவருள் யார் சொல்வது சரி? இருவர்க்கும் அவன்பால் அன்பு உண்டு. ஆனால், இருவருமே அவனுடைய துன்பத்தைப் பகுத்துப் பார்க்கவில்லை. பகுத்துப் பாராமல் கூறப்படும் அறிவுரை, நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கப்படும் மருந்தை ஒக்கும்.

பணியிடத்துத் துன்பங்கள் இருவகைப்படும். தொழிலோடு உடன்பிறந்த துன்பம் ஒன்று. நிருவாகம் விளைவிக்கும் துன்பம் மற்றொன்று. வெயிலில் அலைவதும், மறுமொழி கேட்டு மனம் சலிப்பதும், வாங்குவதாகச் சொன்னவர் வாங்காமற்போவதும் முதல் வகையைச் சார்ந்தவை. இவற்றிற்காக ஒருவன் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொரு நிறுவனத்திற்குச் சென்றால், அங்கேயும் அவையே அவனை வரவேற்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்னும் பழமொழி இத்தகையோர்க்கு உரியது. தொழிலே தனக்கு ஒவ்வாது என்று தெளிந்தவன் தொழிலை மாற்றலாம். ஆனால், தொழிலின் இயற்கையை முதலாளியின் குற்றமாக எண்ணி இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பயனற்றது.

இரண்டாம் வகைத் துன்பம் வேறு. தவறான திட்டத்தின் விளைவைத் தொழிலாளியின் சோம்பல் என்று பழிப்பது அதன் முதன்மையான அடையாளம். 1950-ஆம் ஆண்டு தொடங்கி ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குத் தரமேம்பாட்டு முறைகளைக் கற்பித்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், 1986-இல் வெளியிட்ட தம் நூலில், நிறுவனங்களில் நேரும் குறைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 94 பங்கு நிருவாகத்தின் பொறுப்பிலுள்ள அமைப்பு முறையால் நேர்பவை என்று தம் அனுபவத்திலிருந்து மதிப்பிட்டார். வழிவகை சொல்லாமல் எண்ணிக்கை இலக்கை மட்டும் சுமத்துவதை அவர் கடுமையாக எதிர்த்தார். திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் அரசனை நோக்கியே அமைந்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு வினையைத் தக்கானிடம் ஒப்படைத்து, அதனைச் செய்தற்குரிய நிலையையும் அவனுக்கு அமைத்துத் தருவது ஆள்வோன் கடமை. அக்கடமையில் தவறியவர், வினை முடியவில்லை என்று பிறரை இகழ்வதில் நீதி இல்லை.

துன்பத்தின் வகையை அறிந்த பின்னரும், விலகத் தயங்குவோர் மூன்று காரணங்களைக் கூறுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

முதற்காரணம் பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது மெய்யே. ஆனால், பொறுமைக்கு ஒரு நோக்கம் வேண்டும். உழவன் விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது பொறுமை. விதைக்காத நிலத்தின் வரப்பில் அமர்ந்திருப்பது பொறுமையன்று. மேலாளர் மாறவிருக்கிறார், கணக்கு முறை சீர்செய்யப்படவிருக்கிறது, பயிற்சிக்காலம் முடியவிருக்கிறது என்றெல்லாம் காட்டத்தக்க காரணம் இருப்பின், காத்திருத்தல் அறிவுடைமை. அத்தகைய காரணம் ஒன்றுமே இன்றி, ‘எப்படியாவது நல்லதாகிவிடும்’ என்று நாள் கடத்துவது முடிவெடுக்க அஞ்சுவோர் பொறுமைக்குப் போர்த்தும் பொன்னாடையே.

இரண்டாவது காரணம், இதுவரை செலவிட்ட ஆண்டுகள். ‘மூன்றாண்டுகள் உழைத்துவிட்டேனே, அவை வீணாகலாமா?’ என்று அந்த இளைஞன் கேட்பான். பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒலியினும் விரைந்து பறக்கும் கான்கார்டு விமானத்தை உருவாக்க முனைந்தன. செலவு மதிப்பீட்டை மீறிப் பன்மடங்கு பெருகியபோதும், இத்துணைப் பணம் செலவழித்த பின் கைவிடுவதா என்னும் எண்ணமும் அவ்விரு நாடுகளும் தொடர்ந்து பணத்தைக் கொட்டியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1976-இல் பயணிகள் சேவை தொடங்கி 2003-இல் நின்றுபோன அவ்விமானம், பொறியியல் வியப்பாக விளங்கியும் போட்ட முதலை ஈட்டித் தரவில்லை. இத்தவற்றை அதன் பெயராலேயே பொருளியலார் இன்றும் குறிப்பிடுகின்றனர். சென்ற ஆண்டுகள் இருந்தாலும் திரும்பா; விலகினாலும் திரும்பா. கேட்கவேண்டிய கேள்வி, சென்ற மூன்றாண்டுகள் என்னாகும் என்பதன்று. வரும் மூன்றாண்டுகளை எவ்விடத்தில் செலவிடுவது தக்கது என்பதே. அன்றியும், பெற்ற பயிற்சியும் மனிதரை அறியும் திறனும் அவனுடனேயே வரும். அவற்றை எந்த மேலாளரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது காரணமே மிகக் கனமானது. அது நன்றியுணர்ச்சி. ‘வேலையற்று நின்றபோது வேலை கொடுத்தவர்கள், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?’ என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. செஞ்சோற்றுக் கடன் கழிக்க உயிரையே ஈந்த கர்ணனைக் கேட்டு வளர்ந்த இனம் வேறெவ்வாறு எண்ணும்? எனினும், இராமகாதையில் இதற்கு இரு விடைகள் இருப்பதைக் கவனித்தல் வேண்டும். இராவணன் தவறிழைத்தபோது, கும்பகருணனும் வீடணனும் ஆகிய தம்பியர் இருவருமே சீதையை விடுவிக்குமாறு அவனுக்கு எடுத்துரைத்தனர். அறிவுரை பயனற்றுப் போனபின், ஒருவன் அண்ணனுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான். மற்றவன் இலங்கையை விட்டு நீங்கினான். வீடணன் வந்து அழைத்தபோதும் கும்பகருணன் தன் நிலையிலிருந்து மாறவில்லை. கம்பர் இவ்விருவரையும் உயர்ந்தோராகவே படைத்துள்ளார். எத்தனையோ பட்டிமன்றங்கள் இவ்விருவருள் சிறந்தவர் யார் என்று வழக்காடியும் அவ்வழக்கு முடிந்தபாடில்லை.

அவ்வழக்கை ஈண்டு முடித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால், இரண்டு உண்மைகளை அதிலிருந்து பெறலாம். இருந்தவனும் சரி, நீங்கினவனும் சரி, முதலில் வாய்திறந்து பேசினான் என்பது ஒன்று. பேசாமல் இருந்தவனும் பேசாமல் ஓடினவனும் அக்காதையில் போற்றப்படவில்லை. மற்றொன்று, கும்பகருணன் தன் நன்றிக்காகக் கொடுத்தது தன்னுடைய உயிரை. அதனாலேயே அவனுடைய முடிவில் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஒரு விற்பனையாளன், நிறுவனத்தின்பால் கொண்ட நன்றிக்காகப் பழுதுள்ள பொருளை நல்லதென்று கூறி ஒரு கைம்பெண்ணின் சேமிப்பைக் கறந்துவிட்டால், அவன் கொடுத்தது தன்னுடையதன்று, பிறருடையது. பிறர் பொருளைக் கொடுத்து நன்றிக்கடன் தீர்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. மேலும், மாத ஊதியம் ஈகையன்று, உழைப்பிற்கு ஈடு. நேர்மையாக உழைத்தவன் தன் கடனை மாதந்தோறும் தீர்த்தே வந்திருக்கிறான். எஞ்சியிருப்பது நன்றியுணர்ச்சி ஒன்றே. அதனை நல்ல சொல்லாலும், நிறுவனத்திற்குத் தீங்கு செய்யாமையாலும் வாழ்நாள் முழுதும் காக்கலாம். அங்கேயே அமர்ந்திருந்துதான் காக்க வேண்டும் என்பதில்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய நூலொன்றில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர்க்கு இரு வழிகள் உள்ளன என்றார்: விலகுதல் ஒன்று; குரல் கொடுத்தல் மற்றொன்று. பற்று என்பது இவ்விரண்டிற்கும் இடையே நின்று, விலகுவதைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வாய்ப்பளிக்கிறது. விலகக்கூடியவன் என்று அறியப்பட்டவனுடைய குரலே மதிக்கப்படும் என்பதும் அவர் ஆய்ந்து கண்ட நுட்பம். எங்கும் போகமாட்டான் என்று தெரிந்தவனுடைய முறையீட்டை மேலாளர் ஏன் காது கொடுத்துக் கேட்கவேண்டும்? ஆகவே, விலகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வது பற்றின்மை ஆகாது. அது, குரலுக்கு வலிமை சேர்க்கும் செயலாகவும் அமையும்.

இவ்வளவும் கூறியபின், எப்பொழுது விலகுவது என்னும் நேர்வினாவிற்கு வரலாம். விலகத் தகும் நிலைகள் மூன்று எனலாம்.

முதல் நிலை, பொய் சொல்லுமாறும் ஏமாற்றுமாறும் பணிக்கப்படும் நிலை. இங்குத் தயக்கத்திற்கு இடமில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பல கணக்குகளை விற்றாக வேண்டும் என்று மேலிருந்து வந்த அழுத்தத்தால், ஊழியர்கள் வாடிக்கையாளரின் இசைவின்றியே இலட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கினர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18 கோடியே 50 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சில ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தனர். 2020-இல் அவ்வங்கி 300 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இதில் விற்பனையாளர் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இலக்கை வகுத்தவர்கள் மேல்மாடியில் இருந்தனர். கையெழுத்தைப் பொய்யாக இட்டவர்கள் கீழ்த்தளத்தில் இருந்தனர். வேலை நீக்கம் பெரும்பாலும் கீழ்த்தளத்தையே முதலில் தாக்கிற்று. ‘மேலாளர் சொன்னார், செய்தேன்’ என்பது அறத்தின் முன்னும் செல்லாது. சட்டத்தின் முன்னும் எளிதில் செல்லாது. அத்தகைய ஆணையை மறுத்தல் வேண்டும். மறுத்தபின் அங்கே இருக்க முடியாதெனின், நீங்குதல் வேண்டும்.

இரண்டாம் நிலை, உடலும் உள்ளமும் சிதையத் தொடங்கும் நிலை. ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே திங்களை எண்ணி நெஞ்சு படபடப்பதும், உறக்கம் கெடுவதும், வீட்டிலுள்ள குழந்தையிடம் காரணமின்றிச் சீறுவதும் அதன் அறிகுறிகள். குடும்பத்திற்காகவே பொறுக்கிறேன் என்பவன், அக்குடும்பத்திற்குத் தன்னுடைய கசப்பையே நாள்தோறும் கொண்டுசெல்வானாயின், அப்பொறுமை தன் நோக்கத்தையே அழித்துக்கொள்கிறது.

மூன்றாம் நிலை, பேசியும் பயன் விளையாத நிலை. குறையை முறையாக, சினமின்றி, எழுத்து மூலமாக எடுத்துரைத்தும், தக்க கால அளவு காத்திருந்தும், ஒரு மாற்றமும் நிகழவில்லை. அங்கே கற்பதற்கும் வளர்வதற்கும் இனி ஒன்றுமில்லை என்றும் தெளிவாகிவிட்டது. அப்பொழுது விலகுதல் குற்றமாகாது.

இம்மூன்றுக்கும் புறம்பானவை விலகுவதற்குப் போதிய காரணங்கள் ஆகா. ஒரு மாதத்துக் குறைந்த விற்பனை, ஒரு நாளில் கேட்ட கடுஞ்சொல், உடன்பணியாளன் பெற்ற பதவி உயர்வு ஆகியவை கணநேரச் சினத்தை எழுப்பலாம். சினம் தணிந்தபின் அவற்றை மறுபடியும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றனையும் 48, 49, 50 என அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். போருக்குச் செல்லும் அரசனுக்குக் கூறப்பட்ட அம்மூன்றும், பணியை விட்டு நீங்கும் எளியவனுக்கும் பொருந்துகின்றன. வலியறிதல் என்பது கையிருப்பை அறிதல். வீட்டு வாடகை, வாகனத் தவணை, பிள்ளைகளின் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, குறைந்தது மூன்று மாதச் செலவிற்கேனும் சேமித்துக்கொள்வது நன்று. காலமறிதல் என்பது கமிஷன் கணக்கு முடியும் நாள், ஊக்கத்தொகை வழங்கப்படும் மாதம், முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை அறிந்து செயற்படுதல். இடனறிதல் என்பது எங்குச் செல்வது என்பதை முன்னரே ஆராய்ந்து வைத்தல். ஆழம் தெரியாமல் காலை விடுவது வீரமன்று.

சட்டம் கூறுவதை அறிந்திருப்பதும் வலியறிதலின் ஒரு கூறே. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படாதவிடத்து, இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவர் 4 வாரமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பணிபுரிந்தவர் 6 வாரமும், ஐந்தும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர் 8 வாரமும் முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். ஊதியக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஊதியம் முறையாகக் கொடுபடாவிடின் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாத ஊதியம் கமிஷன் முறையில் பணிபுரியும் தொழிலாளர்க்கும் உரியது. ‘கமிஷன் மட்டுமே’ என்று கூறிப் பணியில் அமர்த்தப்பட்டோர் இதனை அறிதல் நலம்.

மற்றொன்றையும் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. ஆனால், தானாக விலகியவர்க்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறி நடப்பாராயின், அதன் காரணமாகத் தொழிலாளி வெளியேறுவதும் வேலை நீக்கமாகவே கருதப்படலாம் என்னும் நெறியை 1988-இல் மலேசிய உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேலாளர் நல்லவரல்லர் என்பது மட்டும் அதற்குப் போதாது. வேலை நீக்கம் குறித்த முறையீட்டை 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் செய்தாக வேண்டும். ஆகவே, சினந்து கடிதத்தை வீசுவதற்கு முன், தன் நிலை எதுவென்று அறிந்தோரிடம் கேட்டுத் தெளிதல் பல மாத வருவாயைக் காக்கக்கூடும்.

எப்பொழுது விலகுவது என்பதைப் போன்றே எவ்வாறு விலகுவது என்பதும் அறத்தின்பாற்பட்டது. வாடிக்கையாளர்க்கு வாக்களித்த பொருள்கள் சென்று சேர்வதற்கு ஏற்பாடு செய்தல், வசூலித்த பணத்திற்குக் கணக்கு ஒப்படைத்தல், அடுத்து வருபவனுக்கு விவரங்களைச் சொல்லித் தருதல் ஆகியவை விலகுபவனின் கடமைகள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை மறைவாகப் படியெடுத்துச் செல்வது, கொடுமைக்கு ஈடான நீதியாகாது, அது களவு. நிருவாகம் தவறியது என்பதால் தானும் தவறலாம் என்று எண்ணுபவன், எந்த நெறியின் பொருட்டு வெளியேறுகின்றானோ அந்நெறியையே வாசலில் விட்டுச் செல்கின்றான்.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். ஒருவன் விலகிவிட்டால், அவனுடைய நாற்காலியில் இன்னோர் இளைஞன் வந்து அமர்வான். அதே துன்பத்தை அவன் அனுபவிப்பான். அங்ஙனமாயின், விலகுதல் தன்னலந்தானே? இத்தடையைப் புறக்கணிக்க இயலாது. இருந்து போராடி ஒரு நிறுவனத்தைத் திருத்தியோரும் உலகில் உண்டு; தொழிற்சங்கங்களின் வரலாறே அதற்குச் சான்று. அத்தகைய வலிமையும் துணையும் உடையவன் இருப்பதே சிறப்பு. ஆனால், அதனை எல்லார்க்கும் கட்டாயமாக்க முடியாது. விலகுபவன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விலகுவதற்குரிய உண்மையான காரணத்தைக் கடிதத்தில் பணிவுடன் எழுதுவது; ஊதியம் மறுக்கப்பட்டிருந்தால் அதனை இலாகாவிற்கு அறிவிப்பது; விசாரிக்க வரும் இளையவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. உண்மையைச் சொல்லிவிட்டு நீங்குபவன் தனக்குப் பின் வருபவனுக்கு ஒரு விளக்கை வைத்துச் செல்கிறான்.

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1949-இல் அரங்கேற்றிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ என்னும் நாடகம் இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதன் தலைவன் வில்லி லோமன் ஒரே நிறுவனத்திற்காகப் பல்லாண்டுகள் ஊர் ஊராக அலைந்தவன். முதுமையில் அவனுடைய நிலையான ஊதியம் நீக்கப்பட்டுக் கமிஷன் மட்டுமே எஞ்சுகிறது. பழைய முதலாளியின் மகன் இறுதியில் அவனை வேலையிலிருந்தே அனுப்பிவிடுகிறான். அண்டை வீட்டு நண்பர் வேலை தர முன்வருகிறார். லோமன் அதனை மறுக்கிறான். காப்புறுதிப் பணமேனும் குடும்பத்திற்குக் கிடைக்கட்டும் என்று எண்ணித் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். அவனுடைய துயரம் வறுமையால் மட்டும் விளைந்ததன்று. தான் வேறு, தன் வேலை வேறு என்பதை அவன் அறியவில்லை. விற்பனை குறைந்தபோது தானே குறைந்துவிட்டதாக எண்ணினான். வேறொரு வேலையை ஏற்பது தன்னையே இழப்பதாகும் என்று நம்பினான். கைகளால் பொருள்களைச் செய்வதில் அவனுக்கிருந்த உண்மையான மகிழ்ச்சியும் திறமையும் யாராலும், அவனாலும்கூட, பொருட்படுத்தப்படவில்லை.

உத்தியோகம் புருஷ இலட்சணம் என்னும் பழமொழி இத்தகைய மயக்கத்தை வளர்த்துவிட்டது. உழைப்பு மனிதனுக்கு அழகு என்பதே அதன் நற்பொருள். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சட்டையை அணிந்திருப்பதே மனிதனின் மதிப்பு என்று பொருள் கொண்டால், வேலையிழந்தவன் வீதியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமற் போகிறது. திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும், “இப்போது எங்கே வேலை?” என்று கேட்கும் உறவினர்கள், அக்கேள்வி சிலரை எத்தனை ஆண்டுகள் தகாத இடங்களில் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. “அங்கே உன்னை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேட்கும் பெரியோர் வீட்டிற்கு ஒருவர் இருந்தால், பல இளைஞர்கள் தக்க காலத்தில் வாய்திறப்பார்கள்; தக்க காலத்தில் முடிவெடுப்பார்கள்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பொறுப்புண்டு. கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் அளவிற்கு மறுக்கும் முறையையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவன், தவறான கட்டளையைக் கண்டபோது ‘இது முறையன்று, ஐயா’ என்று பணிவுடன் சொல்லவும் அறிந்திருத்தல் வேண்டும். அச்சொல் பயின்ற நாவே பின்னர்ப் பணியிடத்திலும் துணிந்து பேசும். பேசத் தெரிந்தவனுக்கு ஓட வேண்டிய தேவை குறைவு.

ஆகவே, இருத்தலும் அறமாகலாம், விலகுதலும் அறமாகலாம். எதனை விட்டு, எதற்காக, எவ்வகையில் என்பதே இரண்டையும் அளக்கும் கோல். துன்பத்தின் வகையைப் பகுத்தறிந்து, குறையை முறைப்படி எடுத்துரைத்து, மாற்றத்திற்குரிய காலத்தையும் அளித்து, தன் வலிமையைக் கணக்கிட்டு, கணக்கையும் கடமையையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறும் விற்பனையாளன் எவர்க்கும் தலைகுனிய வேண்டியதில்லை. வேலையை விட்டு நீங்கினால் சிறை என்றிருந்த மண்ணில், அவனுடைய முன்னோர் கனவிலும் காணாத உரிமை அது. அவ்வுரிமையை அச்சத்தால் துருப்பிடிக்க விடாமலும், அவசரத்தால் வீணாக்காமலும் பயன்படுத்துவதே அவர்கட்குச் செய்யும் மரியாதையாகும்.